தாய்மொழிக் கட்டம்: மக்கள்தொகைக் கணக்கும் மக்கட் கருத்தும்

பொதுமக்கள் கருத்து எங்ஙனம் உருவாகிறது, எங்ஙனம் மாறுகிறது, அரசியலை எவ்வாறு திருப்புகிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் தேர்தல் முடிவுகளையும் செய்தித்தாள் தலையங்கங்களையும் நாடுவர். மொழியியலாளர் நாடவேண்டிய சான்று ஒன்று வேறோர் இடத்தில் கிடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வீடு தேடிக் கொண்டுவரும் படிவத்தில் 'தாய்மொழி' என்றொரு கட்டம் உண்டு. ஒருவரின் வயது, பிறந்த ஊர் ஆகியவற்றைப் போன்றே மொழியும் கேட்டு எழுதிக்கொள்ளத்தக்க ஒரு செய்தி என்னும் நம்பிக்கையில் அக்கட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தியாவின் சில பகுதிகளில், மக்கள் அக்கட்டத்தில் எழுதச் செய்தது தாம் வீட்டில் பேசிய மொழியின் பெயரை அன்று. தாம் வாழ விரும்பிய மாநிலத்தின் பெயரை எனலாம். கணக்கெடுப்பு அங்கு வாக்கெடுப்பாயிற்று. அவ்வாக்குகளைக் கொண்டு பின்னர் எல்லைகள் வரையப்பட்டன. அவ்வரலாற்றின் சில பகுதிகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. கேள்வி மாறிய கதை

மொழி பற்றிய கேள்வி எல்லாக் கணக்கெடுப்புகளிலும் ஒன்றுபோல் கேட்கப்படவில்லை. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தாய்மொழியைக் கேட்டது. 1891இல் அது 'பெற்றோர் மொழி' ஆயிற்று. 1901இல் 'வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி' என்றும், 1911இல் 'வீட்டில் வழக்கமாகப் பேசும் மொழி' என்றும் கேட்கப்பட்டது. 1931 முதல் மீண்டும் 'தாய்மொழி' என்னும் சொல்லே நிலைபெற்றது. 1961ஆம் ஆண்டு அறிவுரைப்படி, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருப்பின் அக்காலத்தில் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழியை எழுதவேண்டும்.

இவை வெறும் சொல் மாற்றங்கள் போலத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வி. 'வழக்கமாகப் பேசும் மொழி எது?' என்பது நடத்தையைக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதற்கு விடை கூறிவிட முடியும். 'தாய்மொழி எது?' என்பது உரிமையையும் உறவையும் கேட்கிறது. அதற்கு விடை கூறும் தகுதி உரியவருக்கே உண்டு. அவர் கூறுவதை மறுக்கும் அதிகாரம் கணக்கெடுப்பாளருக்கு இல்லை. கூறியதைக் கூறியவாறே எழுதவேண்டும் என்பதே விதி. இவ்விதி நேர்மையானது, ஆனால் கருத்து உள்ளே நுழைவதற்குரிய வாயிலும் இதுவே.

இன்னொரு வாயிலும் உண்டு. நாட்டுப்புற மக்களுள் பலர் தம் பேச்சுக்குத் தனிப்பெயர் வழங்குவதில்லை என்பதை இந்திய மொழியளவாய்வை நடத்திய கிரியர்சன் நன்கு உணர்ந்திருந்தார். அவர் பதிவு செய்த பெயர்களுள் கணிசமானவை அண்டைப் பகுதியார் இட்ட பெயர்களே. களப்பணியில் ஈடுபட்ட எவரும் இதனை அறிவர். கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் பின் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரிடம் 'உங்கள் மொழி எது?' என்று நான் வினவியபோது, அவர் விடை கூறாமல், 'நீங்கள் எந்த அலுவலகம்?' என்று திருப்பிக் கேட்டார். அலுவலகத்திற்கேற்ப விடை மாறும் என்பதை அவர் மறைக்கவில்லை. மொழிப்பெயர் என்பது பேச்சின் இயல்பிலிருந்து தானே முளைப்பதன்று; கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பாடநூல்கள் கூறுவதை அவர் ஒரே வினாவில் கூறிவிட்டார்.

2. எண்ணுக்கு எடை வந்தது

தாய்மொழிக் கட்டத்தின் எண்கள் நெடுங்காலம் அறிஞர்க்கும் ஆட்சியாளர்க்கும் மட்டுமே உரியனவாக இருந்தன. இந்தி, உருது வழக்கு முற்றிய வடபுலத்தில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவை பூசலுக்கு உள்ளாயின. பிற பகுதிகளில் அவற்றுக்கு எடை வந்தது காங்கிரசு 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டை ஒட்டித் தன் மாகாணக் குழுக்களை மொழிவழியாக அமைத்துக்கொண்ட பின்னரே. மொழி எல்லையே ஆட்சி எல்லையாக வேண்டும் என்ற கருத்து படித்தோர் வட்டத்திலிருந்து ஊர்க்கூட்டங்களுக்கு இறங்கியது அந்த அமைப்பின் வழியாகத்தான்.

விடுதலைக்குப் பின் தலைவர்கள் தயங்கினர். 1948ஆம் ஆண்டின் தார் ஆணையமும், நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா மூவரடங்கிய குழுவின் 1949ஆம் ஆண்டு அறிக்கையும் மொழிவழி மாநிலங்களை ஒத்திவைக்கவே கூறின. பொட்டி சீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் தொடங்கிய உண்ணாநோன்பு, திசம்பர் 15ஆம் நாள் இரவு அவருடைய மறைவில் முடிந்தது. அதனைத் தொடர்ந்து மூண்ட கொந்தளிப்பின் நடுவே நான்கு நாட்களில் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. மூன்றாண்டுக் கால ஆணைய ஆய்வுகள் சாதிக்க இயலாததைத் தெருவில் திரண்ட கருத்து நான்கு நாட்களில் சாதித்தது என்று இந்நிகழ்ச்சியைக் கூறுவது வழக்கம். அக்கூற்று முழுமையானதன்று. ஆந்திர மகாசபையின் நாற்பதாண்டுக் காலப் பேச்சும் எழுத்தும் அந்நான்கு நாட்களின் பின்னே நின்றன.

1953இல் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் 1,52,250 எழுத்து மனுக்கள் குவிந்தன. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவரும் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கானோரை நேரில் கேட்டனர். மனு எழுதியோர் அனைவரும் கையில் எடுத்த கருவி ஒன்றே: கணக்கெடுப்பின் மொழி அட்டவணை. வட்டம் வட்டமாக, பிர்க்கா பிர்க்காவாக நூற்றுமேனி கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டின் தெற்கெல்லையிலும் வடக்கெல்லையிலும் இதுவே நிகழ்ந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்ப் பெரும்பான்மை காட்டித் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டாரத்திலோ, தமிழ் பேசுவோருள் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளராய் வந்தோர் என்பதால் அவ்வெண்ணுக்கு முழு மதிப்பு அளிக்கப்படவில்லை. எண்ணின் பொருளை எண்ணே முடிவு செய்வதில்லை. அதனை யார் எண்ணுகிறார், யாரை ஊராராகக் கொள்கிறார் என்பது முடிவு செய்கிறது. திருத்தணி பற்றிய வழக்கு படாசுகரின் பரிந்துரைக்குப் பின் 1960இல்தான் தீர்ந்தது.

கருத்து எண்ணாக மாறுவதற்கு முன் பாட்டாகவும் நடையாகவும் வெளிப்பட்ட இடம் ஒன்றையும் இங்குக் குறிப்பிடவேண்டும். பீகாரின் மான்பூம் மாவட்டத்தில் வங்கமொழி பேசுவோர், தம் பிள்ளைகளின் பள்ளிமொழி இந்தியாக மாற்றப்படுவதை எதிர்த்தனர். அறுவடைக் காலத்துப் பெண்கள் பாடும் துசுப் பாடல்களின் மெட்டில் புதிய சொற்களை அமைத்து 1954இல் அவர்கள் நடத்திய அறப்போர் துசு சத்தியாக்கிரகம் எனப்பட்டது. செய்தித்தாள் எட்டாத ஊர்களில் அரசியல் கருத்து பரவுவதற்கு ஊரார் ஏற்கெனவே அறிந்த மெட்டே ஊர்தியாயிற்று. 1956 ஏப்பிரலில் அவர்களுள் ஏறத்தாழ ஆயிரவர் கல்கத்தா வரை நடந்தே சென்றனர். அவ்வேளையில் மேற்கு வங்கத்தையும் பீகாரையும் ஒரே மாநிலமாக இணைக்கும் திட்டத்தை இரு மாநில முதலமைச்சர்களும் முன்வைத்திருந்தனர். மேகநாத சாகாவின் மறைவால் காலியான கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் மொழிவழிச் சீரமைப்பு இயக்கத்தின் வேட்பாளர் வென்றார், பி. சி. ராய் இணைப்புத் திட்டத்தைக் கைவிட்டார். 1956 நவம்பர் 1ஆம் நாள் புருலியா மேற்கு வங்கத்திற்கு மாறியது. ஒரே ஒரு தொகுதியின் வாக்குகள் இரு மாநிலங்களின் வரைபடத்தை மாற்றியது இந்திய வரலாற்றில் அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

3. பஞ்சாபு: பேசிய மொழியும் சொன்ன மொழியும்

நம் பொருளுக்கு மிகச் செறிவான எடுத்துக்காட்டு பஞ்சாபே. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியரும் எஞ்சினர். சலந்தர், அமிருதசரசு, லூதியானா நகரங்களின் இந்துக் குடும்பங்களும் சீக்கியக் குடும்பங்களும் வீட்டில் பேசியது பஞ்சாபி. கடைத்தெருவில் பேசியது பஞ்சாபி. தாலாட்டும் ஒப்பாரியும் பஞ்சாபி. இதில் மொழியியலாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

எழுத்தில்தான் வேறுபாடு இருந்தது. சீக்கியர்க்குக் குர்முகி மறைநூலின் எழுத்து. இந்து ஆடவரின் முந்தைய தலைமுறை உருதுவில் கல்வி கற்றது. ஆரிய சமாசத்தின் பள்ளிகளில் பயின்ற தலைமுறை, குறிப்பாகப் பெண்கள், தேவநாகரியில் இந்தி கற்றனர். ஆகவே பஞ்சாபி என்பது ஒரு சாராருக்குச் சமய நூலின் மொழியாகவும், மற்றொரு சாராருக்கு வீட்டுப் பேச்சாகவும் நின்றது. மொழி என்றால் எழுத்து என்றும், எழுத்து என்றால் சமயம் என்றும் கருத்துச் சங்கிலி இவ்வாறு பிணைந்தது. 1949ஆம் ஆண்டின் சச்சார் திட்டம் மாநிலத்தைப் பஞ்சாபி வட்டாரம், இந்தி வட்டாரம் எனப் பகுத்து, பஞ்சாபி வட்டாரத்தில் குர்முகியைப் பயிற்று எழுத்தாக்கியபோது, அச்சங்கிலி அரசியல் வழக்காயிற்று.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நெருங்கியது. ஆரிய சமாசத் தலைவர்களும் அவர்கள் சார்பு நாளிதழ்களும் பஞ்சாபி இந்துக்கள் தம் தாய்மொழி இந்தி என்று எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொண்டனர். இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. இந்தியை எழுதுமாறு வேண்டிய பிரதாப், மிலாப், இந்து சமாசார் போன்ற இதழ்கள் உருது இதழ்கள். அவற்றை வாசித்த ஆடவர் அவ்வேண்டுகோளைத் தம் வீட்டாருக்கு எடுத்துச் சொன்னது பஞ்சாபியில். ஒரு மொழியில் அச்சாகி, இன்னொரு மொழியில் பேசப்பட்டு, மூன்றாவது மொழியின் பெயராக அக்கருத்து படிவத்தில் இறங்கியது. எனினும் இதனை ஏமாற்று என்று ஒதுக்குவது வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவாது. பிரிவினையில் வீடிழந்து வந்த மக்கள், இன்னொரு முறை தாம் சிறுபான்மையாகிவிடலாகாது என்னும் அச்சத்திலிருந்தே அவ்விடையை அளித்தனர். மறுபுறம், தம் மொழிக்கு ஒரு மாநிலம் உறுதியளிக்கப்படாத சீக்கியர்க்கு, அண்டை வீட்டார் பஞ்சாபியில் பேசிக்கொண்டே பஞ்சாபியை மறுத்தது ஆறாப் புண்ணாயிற்று. இரு அச்சங்களும் உண்மையானவை.

பூசல் எந்த அளவு முற்றியதென்றால், பஞ்சாபு, பெப்சு, தில்லி, இமாசலப் பிரதேசம், பிலாசுபூர் ஆகிய பகுதிகளில் இந்தி, பஞ்சாபி, உருது, பகாடி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டாமல் ஒரே தொகையாகவே வெளியிட நேர்ந்தது. கணக்கெடுக்கும் அரசே 'இவ்வெண்ணை நம்ப இயலாது' என்று கைவிட்ட அரிய நிகழ்ச்சி அது.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் பஞ்சாபி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. பஞ்சாபிக்கும் இந்திக்கும் இடையிலான வேறுபாடு போதிய அளவினதன்று என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. இதனை மொழியியல் நோக்கில் ஒப்புக்கொள்ள முடியாது. தொனி வேறுபாட்டால் பொருள் வேறுபடும் இயல்பு பஞ்சாபிக்கு உண்டு. இந்திக்கு அது கிடையாது. ஆனால் ஆணையம் கூறிய மற்றொரு காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அம்மொழி பேசும் மக்களுள் பெரும்பகுதியினரே அக்கோரிக்கையை எதிர்க்கின்றனர் என்றது ஆணையம். பிற மாநிலங்களில் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அளவுகோலாயிற்று. பஞ்சாபில் மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பது அளவுகோலாயிற்று. அளவுகோல் மாறியதை ஆணையம் உணர்ந்ததா என்பது ஐயத்திற்குரியது.

1957இல் இந்திப் பாதுகாப்புக் கிளர்ச்சி நடந்தது. 1960 திசம்பரில் சந்து பதே சிங் உண்ணாநோன்பு தொடங்கி 1961 சனவரியில் முடித்தார். அடுத்த இரு மாதங்களுக்குள் கணக்கெடுப்பு வந்தது. வீதிக் கூட்டங்கள், துண்டறிக்கைகள், குருத்துவாராக்களிலும் ஆரிய சமாச மண்டபங்களிலும் அறிவிப்புகள் என இரு தரப்பும் வாக்குச் சேகரித்தன. வேட்பாளர் பெயர் இல்லை, மொழிப்பெயர் இருந்தது. அவ்வளவே வேறுபாடு. இம்முறை எண்கள் வெளியாயின: மாநில மக்களுள் பஞ்சாபி என்றோர் ஏறத்தாழ நூற்றுக்கு 41. அன்றைய பஞ்சாபில் சீக்கியர் மூன்றில் ஒரு பங்கினர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் சீக்கியரல்லாதாருள் பஞ்சாபியைத் தாய்மொழி என்று ஏற்றோர் எத்துணைச் சிறு தொகையினர் என்பது விளங்கும்.

கருத்து பின்னர் மாறியது. மாறியதற்குக் காரணங்கள் பல. கோரிக்கையின் மொழியே முதலில் மாறியது: மாசுட்டர் தாரா சிங்கின் பேச்சில் சமயமும் மொழியும் பிணைந்திருந்தன, பதே சிங்கோ, தாம் கேட்பது மொழிவழி மாநிலம் மட்டுமே, அதில் சீக்கியர் எத்தனை விழுக்காடு என்பது தமக்குப் பொருட்டன்று என்றார். இரண்டாவதாக, அரியானா வட்டாரத்தில், பாங்கரு பேசும் உழவர்களிடையே, பஞ்சாபின் ஆட்சியில் தம் பகுதி பின்தங்குகிறது என்ற எண்ணம் வளர்ந்து, பிரிவினை அவர்களுக்கும் விருப்பமாயிற்று. அவர்கள் பஞ்சாபி மாநிலத்தை விரும்பியவர்கள் அல்லர். தமக்கொரு மாநிலத்தை விரும்பியவர்கள். ஆயினும் வெவ்வேறு நோக்கங்கள் ஒரே முடிவில் வந்து கூடின. மக்கட் கருத்து ஒருமித்தது என்று வரலாற்று நூல்கள் எழுதுமிடங்களில் பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது இத்தகைய கூடலே. மூன்றாவதாக, 1965ஆம் ஆண்டுப் போர். எல்லைப்புற ஊர்களின் மக்கள் படைக்கு உணவும் வண்டிகளும் கொண்டு சென்ற காட்சி, சீக்கியர் கோரிக்கை குறித்துத் தில்லியில் நிலவிய ஐயத்தைத் தளர்த்தியது. 1966 மார்ச்சு 9ஆம் நாள் காங்கிரசுச் செயற்குழு பஞ்சாபி மாநிலத்திற்கு இசைந்தது.

எல்லை வரையும் பணி நீதிபதி சா தலைமையிலான ஆணையத்திடம் சென்றது. அவ்வாணையம் எந்த எண்ணை அடிப்படையாகக் கொள்ளவேண்டும்? 1961ஆம் ஆண்டு மொழிக்கணக்கையே. வாக்குக் கேட்டு வாங்கிய அதே எண், ஐந்தாண்டு கழித்து மொழி பற்றிய உண்மையாக மேசைக்கு வந்தது. சண்டிகர் உள்ளிட்ட கரார் வட்டம் இந்திப் பெரும்பான்மை கொண்டது என்பதால் அரியானாவுக்குச் செல்லவேண்டும் என்று ஆணையம் பெரும்பான்மை முடிவாகக் கூறியது. அரசு அதனை முழுதும் ஏற்காமல் சண்டிகரை ஒன்றியப் பகுதியாக வைத்துக்கொண்டது. 1966 நவம்பர் 1ஆம் நாள் அரியானா பிறந்தது. மலைப்பகுதிகள் இமாசலத்தோடு சேர்ந்தன.

அதன் பின் நிகழ்ந்ததே மொழியியலாளர்க்கு மிகவும் சுவையானது. புதிய பஞ்சாபில் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஐந்தில் நான்கு பங்கினர் ஏறத்தாழப் பஞ்சாபி என்றனர். சீக்கியர் அங்கு ஐந்தில் மூன்று பங்கினரே. 2001இல் அவ்வெண் நூற்றுக்கு 90ஐக் கடந்தது. பத்தாண்டில் எவரும் தம் வீட்டு மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. வழக்கு முடிந்தது, கட்டத்தில் எழுதும் சொல்லுக்கு இருந்த விலை குறைந்தது, பேசிய மொழியும் சொன்ன மொழியும் மீண்டும் நெருங்கின. ஆனால் எல்லைக்கோடு 1961இலேயே நின்றுவிட்டது.

4. அசாமும் மிதிலையும்

அசாமில் கருத்து எதிர்த்திசையில் இயங்கியது. பிரிவினைக்குப் பிந்தைய எல்லையை வைத்துக் கணக்கிட்டால் 1931இல் அசாமியர் என்று சொல்லத்தக்க மொழியினர் நூற்றுக்கு 31, 1951இல் 57. இயற்கைப் பெருக்கத்தால் இது நிகழ இயலாது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளில் குடியேறிய முசுலிம் உழவர்கள், தம் தாய்மொழி அசாமியம் என்று பெருந்தொகையாகச் சொன்னதே முதன்மைக் காரணம். புதிய எல்லைக்குள் பாதுகாப்பாக வாழ வேண்டுமாயின் நிலத்தின் மொழியை ஏற்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பெரும்பான்மை உறுதியான நிலையில் 1960இல் அசாமியம் ஆட்சிமொழியாயிற்று. அச்சட்டத்தை எதிர்த்துப் பராக்குப் பள்ளத்தாக்கின் வங்கமொழியினர் கிளர்ந்தெழுந்தனர். 1961 மே 19ஆம் நாள் சில்சார் தொடர்வண்டி நிலையத்தில் காவலர் சுட்டதில் பதினொருவர் மாண்டனர். சட்டம் திருத்தப்பட்டுக் கச்சாரில் வங்கமொழிக்கு இடம் கிடைத்தது.

மணல்திட்டு மக்கள் 1951இல் சொன்னது பொய் என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் தம் பிள்ளைகளை அசாமியப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அசாமியம் கல்வியின் மொழி, கடிதத்தின் மொழி. விருப்பமாகச் சொல்லப்பட்டது இரு தலைமுறையில் பாதி உண்மையாயிற்று. 2011இல் அசாமியர் பங்கு நூற்றுக்கு 48 ஆகக் குறைந்துள்ளது. பல காரணங்கள் கூறப்படினும், ஏற்கப்படுவோம் என்ற நம்பிக்கை தளர்ந்ததும் அவற்றுள் ஒன்றாகலாம்.

மைதிலியின் செய்தி சுருக்கமானது. கிரியர்சன் மதிப்பீட்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பேசிய அம்மொழியை 1951இல் தாய்மொழி என்று பதிவு செய்தோர் ஓர் இலட்சத்திற்கும் குறைவு. 1961இல் ஏறத்தாழ 50 இலட்சம். இடையில் மொழி அழியவும் இல்லை, பிறக்கவும் இல்லை. மைதிலி இயக்கத்தினர் ஊர்களுக்குச் சென்று, 'நீங்கள் பேசுவதற்குப் பெயர் உண்டு' என்று கூறியதே நிகழ்ந்தது. 1965இல் சாகித்திய அகாதெமி அதனை ஏற்றது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. போச்சுபுரி 2011இல் ஐந்து கோடிப் பேரின் தாய்மொழியாகப் பதிவாகியும் இந்தியின் தொகைக்குள்ளேயே அடங்கியுள்ளது. அவ்வாண்டு இந்தி என்னும் தலைப்பின்கீழ்க் காட்டப்பட்ட 52.8 கோடியுள், இந்தி என்றே பெயர் சொன்னோர் 32.2 கோடி. மீதி இருபது கோடியும் வகைப்படுத்துவோரின் மேசையில் இந்தியானது. கருத்து மக்களிடம் மட்டும் இருப்பதன்று. அட்டவணை அமைப்போரிடமும் உண்டு.

தாய்மொழிக் கட்டம் கருத்தையே அளக்கிறது என்பதற்கு ஐயமற்ற சான்று வேண்டுவோர் சமசுகிருதத்தின் எண்களைக் காணலாம். 1981இல் 6,106, 1991இல் 49,736, 2001இல் 14,135, 2011இல் 24,821. எந்தத் தொட்டிலும் இவ்வாறு ஏறி இறங்குவதில்லை.

5. ஓர் ஊரின் விடை

மீண்டும் பஞ்சாபுக்கு வருவோம். 1970இல் இந்திரா காந்தி, சண்டிகர் பஞ்சாபுக்கு, ஈடாக அபோகர், பாசில்கா பகுதி அரியானாவுக்கு என்று தீர்ப்பளித்தார், அது நிறைவேறவில்லை. 1985 சூலை 24ஆம் நாள் இராசீவ் காந்தியும் அர்ச்சந்து சிங் லோங்கோவாலும் செய்துகொண்ட உடன்பாடு, சண்டிகரை 1986 சனவரி 26ஆம் நாள் பஞ்சாபிடம் ஒப்படைக்க வகை செய்தது. ஈடாக அரியானாவுக்கு எந்த இந்தி ஊர்கள் செல்லவேண்டும் என்பதை நீதிபதி மாத்தியூ ஆணையம் ஊரை அலகாகவும், மொழியையும் நில இணைப்பையும் அளவைகளாகவும் கொண்டு முடிவு செய்யவேண்டும்.

இங்குதான் கந்துகேரா என்னும் சிற்றூர் வரலாற்றுள் நுழைகிறது. அபோகர், பாசில்கா வட்டாரத்து இந்தி ஊர்களுக்கும் அரியானா எல்லைக்கும் இடையே அவ்வூர் கிடந்தது. அது இந்தி ஊர் எனில் நிலம் இணையும். பஞ்சாபி ஊர் எனில் இணைப்பு அறும். 1986 சனவரியில் அவ்வூரில் மட்டும் வீடு வீடாக மொழிக்கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. இரு மாநிலங்களின் தலைவர்களும் தொண்டர்களும் ஊரில் முகாமிட்டனர். அதுவரை எந்த அமைச்சரும் நினைத்தும் பாராத வீடுகளின் வாயிலில் அமைச்சர்கள் நின்றனர்.

அவ்வட்டாரத்தில் வழங்கும் பேச்சுகளுள் பாகரி ஒன்று. கிரியர்சன் அதனை மார்வாரியின் வடபுலக் கிளையாகக் கொண்டார். மேற்கே நகர நகர இராசத்தானியின் இயல்புகளும், வடக்கே நகர நகரப் பஞ்சாபியின் இயல்புகளும், கிழக்கே பாங்கருவின் இயல்புகளும் அதில் மிகும். கிளைமொழித் தொடர்ச்சி என்று நாம் வகுப்பறையில் வரைந்து காட்டும் படம் அந்நிலம். அங்கே ஓர் ஊரை நிறுத்தி, 'நீ இந்தியா, பஞ்சாபியா?' என்று கேட்பது, வானவில்லில் ஒரு புள்ளியைச் சுட்டி அது எந்த நிறத்தின் உடைமை என்று கேட்பது போன்றது. படிவத்தில் இரு விடைகளுக்குத்தான் இடம் இருந்தது. பாகரிக்கு அங்கே கட்டம் இல்லை.

கந்துகேரா பஞ்சாபி என்றது. அரியானா அதனை ஏற்கவில்லை; ஊரார் அச்சுறுத்தப்பட்டனர், ஆசை காட்டப்பட்டனர் என்றது. ஊரார் தம் நிலம், நீர்ப்பாசனம், உறவு, கடன், பிள்ளைகளின் பள்ளி ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்தே விடை கூறியிருப்பர் என்பதில் ஐயமில்லை. மொழி அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம். நில இணைப்பு அறுந்தது. அபோகர், பாசில்கா பஞ்சாபிலேயே நின்றன. ஈடு இல்லை என்பதால் சனவரி 26ஆம் நாள் சண்டிகர் கைமாறவில்லை. பின்னர் அமைந்த ஆணையங்களும் அதனைத் தீர்க்கவில்லை. சண்டிகர் இன்றும் ஒன்றியப் பகுதியாகவும் இரு மாநிலங்களின் தலைநகராகவும் இருக்கிறது. உடன்பாடு நிறைவேறாமற்போனது பஞ்சாபில் மிதவாதிகளின் செல்வாக்கைக் குலைத்ததையும், அதன் பின் வந்த ஆண்டுகளின் குருதியையும் வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச்சு 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 சூனில் அறிவிக்கப்பட்டது. விரும்புவோர் தம் செய்திகளைத் தாமே மின்வழியில் நிரப்பவும் இம்முறை வசதி செய்யப்படும் என்பது அறிவிப்பு. 2011இல் மக்கள் சொன்ன 19,569 மொழிப்பெயர்களைக் காதால் கேட்டுக் கையால் எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கும் ஊரும் சாதியும் கட்சியும் உண்டு. அந்த ஆசிரியர் எதிரே இல்லாதபோது, 'நீங்கள் எந்த அலுவலகம்?' என்று திருப்பிக் கேட்க ஆளில்லாதபோது, கொள்ளேகால் முதியவரின் பேரப்பிள்ளைகள் அக்கட்டத்தில் எந்தச் சொல்லை நிரப்புவர் என்பதைக் காண மொழியியலாளர்கள் காத்திருக்கிறார்கள்.